டோரிஸ் வீட்டில் எண்ணெய்க்கு இடமில்லை

என் தம்பி எல்வினின் மனைவி டோரிஸுக்கு நீச்சல் தெரியாது. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார வேண்டும். ஹுசேன் சாகர் ஏரிப் பக்கம் போனால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோக்காரரைச் சீக்கிரம் போகச் சொல்வாள். இப்படிப்பட்டவள், கடலுக்கு அடியில் போகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்கிறார்களே சிலிண்டர், அதன் வால்வைச் சரிசெய்து பிழைக்கிறாள். அதுவும் மாரெட்பள்ளியில், கார் நிறுத்தும் கொட்டகையில்.

எங்கள் பூர்வீகம் நாசரேத் பக்கம். அங்கே உள்ள சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், "கடல் இருக்க ஊர்ல நாங்களே அந்தச் சாமானத்தைப் பார்த்ததில்லையே" என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஹைதராபாத்தில் கடலைத் தவிர எல்லாம் கிடைக்கும். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் வாரம் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தின் தரையில் போய் உட்காரப் பழகுகிறார்கள். பழகி முடித்து லீவு போட்டு விசாகப்பட்டினத்துக்கோ அந்தமானுக்கோ போய்க் கடலின் தரையில் உட்காருகிறார்கள். உட்கார்ந்தே சம்பாதித்து, அந்தக் காசில் இன்னும் ஆழமான இடத்தில் உட்காருகிற கூட்டம் என்று நான் சொல்வேன். டோரிஸுக்கு அப்படிச் சொன்னால் பிடிக்காது.

சாதாரணமாக அந்தச் சிலிண்டரில் இருப்பது வெறும் காற்றுதான். ஆனால் ரொம்ப ஆழம் போகிறவர்கள் இன்னொரு சின்னச் சிலிண்டரும் கொண்டுபோவார்களாம். மேலே ஏறி வரும்போது, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நின்று, உடம்பில் சேர்ந்துபோன வேண்டாத வாயு வெளியேற அதிலிருந்து மூச்சு இழுப்பார்களாம். அதில் இருப்பது கலப்பில்லாத சுத்த ஆக்சிஜன். அந்தச் சின்னச் சிலிண்டரின் வால்வுதான் டோரிஸின் தனி ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் ஒரே ஒரு சட்டம்: எண்ணெய் கூடாது.

"ஆக்சிஜன் தானா எரியாது மைனி" என்று ஒருநாள் எனக்கு விளக்கினாள். "ஆனா பக்கத்துல இருக்கறத எரிய வச்சிரும். அமுக்கி அடைச்சு வச்ச ஆக்சிஜன் போற வழியில ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாப் போதும். வால்வு பித்தளையே சேர்ந்து எரியும்."

"பித்தளை எரியுமா? எங்கம்மா காலத்துப் பித்தளைப் பானை அடுப்புல எத்தன வருசம் இருந்துச்சு, தெரியுமா?"

"அது அடுப்பு மைனி. இது அடுப்பு இல்ல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். அங்கே ஒருவர் இறுகிப்போன ஆக்சிஜன் வால்வுக்குச் சைக்கிளுக்குப் போடுகிற கிரீஸைத் தடவித் திருகியிருக்கிறார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவருடைய வலது கையை டோரிஸ்தான் ஈரச் சாக்கில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அந்தக் கதையை அவள் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். நானும் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் அவளோடு சொந்தம் கொண்டாடுவது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் குடும்பம் எண்ணெயில் பிறந்து எண்ணெயில் வளர்ந்த குடும்பம். கிறிஸ்துமஸ் வந்தால் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் என்று சட்டி அடுப்பை விட்டு இறங்காது. நான் ஆசையாகத் தூக்குவாளியில் முந்திரிக்கொத்து கொண்டுபோனால், டோரிஸ் கேட்டுக்கு வெளியே வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, கேட்டுக்கு வெளியிலேயே தின்றுவிட்டு, கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போவாள். "நல்லா இருக்கு மைனி" என்று உள்ளிருந்து குரல் வரும். நான் தெருவில் நிற்பேன். என் தம்பி வீட்டு வாசலில், தூக்குவாளியும் கையுமாக, கொரியர்காரன் மாதிரி.

அவள் தலையில் எண்ணெய் வைப்பதில்லை. கூந்தல் எப்போதும் பறந்துகொண்டிருக்கும். சபைக்குப் புதிதாக வருகிற பெண்கள் அவளுக்கு ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்து, கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் வாங்கிக்கொள்வாள். வீட்டில் தோசைக்கல் கிடையாது. இட்லி, இடியாப்பம், ஆப்பம், புட்டு. ஆவியில் வேகாத எதுவும் அந்த வீட்டுக்குள் வேகாது. எல்வின் ரயில்வே ஆபீஸிலிருந்து வரும் வழியில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, வாசம் போவதற்காகத் தெருவைச் சுற்றி நடப்பான். அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தில் அவன் உடம்பைப் பேணுகிறவன் என்று பெயர் வாங்கினான்.

வாடிக்கையாளர்களுக்கும் அதே கதிதான். மாதாப்பூரிலிருந்து பெரிய காரில் வந்த ஒருவரை, "உதட்டுல என்ன போட்டிருக்கிய?" என்று கேட்டு, லிப் பாம் என்றதும் கழுவிவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். அவர் வெயிலுக்குக் கன்னத்திலும் கிரீம் போட்டிருந்தார். மறுபடி அனுப்பினாள். மூன்றாவது தடவை அவர் முகம் பிசைந்த மைதா மாவு போல வெளுத்துப்போய் வந்து நின்றபோதுதான் சிலிண்டரைக் கையில் கொடுத்தாள். கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த மாதம் நண்பர்கள் எல்லோருடைய சிலிண்டரையும் அள்ளிக்கொண்டு வந்தார். மனிதர்களுக்குத் திட்டு வாங்கப் பிடிக்கும் போலிருக்கிறது.

இவ்வளவு காலம் ஒரு நீச்சல் குளத்துக்குப் பின்னால், பம்பு அறையின் மூலையில்தான் அவள் வேலை. போன வருஷம் எல்வின் வீட்டுக் கொட்டகையைச் சுவர் எழுப்பி, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்டுத் தனி அறையாக்கினான். டோரிஸுக்குச் சொந்தமாக ஓர் இடம். எங்கள் ஜனங்களுக்கு வீடானாலும் கடையானாலும் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் செய்யாமல் உள்ளே போக மனசு வராது. டோரிஸுக்கு அந்த விஷயத்தில் என்னைவிடப் பக்தி அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஸ்தோத்திரக் கூட்டம் என்று ஏற்பாடானது.

எங்கள் பாஸ்டர் யேசுதாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்காரர், பெரிய உருவம், அதைவிடப் பெரிய ஜெபம். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் வீட்டில் குக்கரை அணைத்துவிட்டு வந்தோமா என்று இரண்டு தடவை யோசித்து, அணைக்கவில்லை என்று பயந்து, அணைத்த ஞாபகம் வந்து நிம்மதியும் அடைந்துவிடலாம். மனைவி தவறிப்போய் வெகு காலமாகிறது. ஒரே பிள்ளை ஜெர்சன். அவனுக்குச் சமைத்துப் போட்டு, தலைசீவி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு வளர்த்தது அவர்தான். அந்த ஜெர்சன் மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, போயும் போயும் இந்தக் கடலுக்கடியில் போகிற கூட்டத்தில் சேர்ந்திருந்தான். தமிழ் புரியும், பதில் மட்டும் நாலு பாஷையில் வரும்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலமே அவன் நண்பர்களோடு காரில் விசாகப்பட்டினம் புறப்படுவதாக இருந்தது. அவனுடைய சின்னச் சிலிண்டர் டோரிஸிடம் சுத்தம் செய்ய வந்து, வால்வு பூட்டித் தயாராக மேஜைமேல் நின்றது. காலிச் சிலிண்டர். போகிற வழியில் போவன்பள்ளியில் ஒரு கேஸ் கடையில் ஆக்சிஜன் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் இவனுக்காக ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

வடைக்கும் டீக்கும் நான் பொறுப்பு. டோரிஸின் உத்தரவுப்படி வடை அவள் காம்பவுண்டுக்குள் வரக்கூடாது. பக்கத்து வீட்டு லலிதாம்பாள் மாமியிடம் கெஞ்சி, அவர்கள் வாசலில் மேஜை போட்டு வைத்தேன். ஒரு கிறிஸ்தவ ஸ்தோத்திரக் கூட்டத்தின் வடை ஐயர் வீட்டு மாக்கோலத்தில் காத்திருந்தது இந்தத் தெருவிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாளித் தண்ணீர், சோப்பு, காகிதத் துண்டு. வந்தவர்கள் எல்லோரும் முழங்கை வரை கழுவிய பிறகுதான் டோரிஸ் உள்ளே விட்டாள். பாஸ்டரும் சட்டைக் கையை மடித்துவிட்டு, குழந்தை மாதிரி பொறுமையாகக் கழுவினார். "வேத காலத்துச் சுத்திகரிப்பு மாதிரி இருக்கும்மா" என்று பாராட்டவும் செய்தார். அவர் சட்டைப் பையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் கண்ணை மூடினோம். டோரிஸும் மூடினாள். பாஸ்டர் அறையைச் சுற்றி நடந்துகொண்டே ஜெபித்தார். சுவர்களுக்காக, கதவுக்காக, கருவிகளுக்காக, கடலில் இறங்குகிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தார். கடல் என்று வந்தபோது ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இடத்தில் அவர் ரொம்ப நேரம் நின்றார் என்பது காலடிச் சத்தம் கேட்காததிலிருந்து தெரிந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, பாஸ்டர் ஒரு சின்னப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது என்ன?" என்றாள் டோரிஸ்.

"அபிஷேக எண்ணெய்ம்மா."

அவள் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எண்ணெய் கூடாதுன்னு இவிய சொல்லலியா?" என்று எல்வினைப் பார்த்தாள்.

"சொன்னேன்" என்றான் எல்வின். "மெஷினுக்குப் போடுத எண்ணெய்னு நெனச்சாரோ என்னமோ."

"தம்பி சொல்லிச்சு" என்றார் பாஸ்டர். "ஆனா சிஸ்டர், இது எண்ணெய் இல்ல. அபிஷேகம்."

"பாட்டில்ல என்னன்னு போட்டிருக்கு?"

பாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஆலிவ் ஆயில்."

"அப்ப எண்ணெய்தானே ஐயா?"

"ஜெபம் பண்ணின எண்ணெய்ம்மா."

"ஜெபம் பண்ணினாலும் எரியும் ஐயா."

எங்கள் சபையில் பாஸ்டரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசின பெண் நான் ஒருத்திதான், அதுவும் நன்கொடை ஃபேன் எந்தப் பக்கம் மாட்டுவது என்பதில். டோரிஸ் அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டாள்.

"எங்கெல்லாம் தொட்டிய?"

"ஆவியானவர் நடத்தின எடத்துல எல்லாம் தொட்டேன். கண்ணை மூடியிருந்தேனேம்மா."

டோரிஸ் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவையும் மறைத்து, சுவரில் மாட்டியிருந்த கறுப்பு விளக்கை எடுத்தாள். அந்த விளக்கின் ஒளி கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அது பட்டால் பல எண்ணெய்ப் பசைகள் மினுங்கும். வால்வைக் கழுவியபின் பசை மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருக்கிறாள். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. இருட்டில் நின்றுகொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

விளக்கு சுவர்ப்பக்கம் திரும்பியது. சுவரில் ஒரு சிலுவை மங்கலான நீலத்தில் எழும்பி வந்தது. அடுத்து கதவு நிலையில் ஒன்று. மேஜை ஓரத்தில் ஒன்று. ஸ்பானர்களின்மேல் வரிசையாகக் குட்டிச் சிலுவைகள்.

"அல்லேலூயா!" என்று கத்தினாள் கனகவல்லி அக்கா. சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி. அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டாள். அவள் பின்னால் நின்ற பெண்களும் விழுந்தார்கள். யாரோ அழுதார்கள், யாரோ பாட ஆரம்பித்தார்கள். பாஸ்டரே பிரமித்துப்போய் நின்றார். இத்தனை வருஷ ஊழியத்தில் அவர் போட்ட எண்ணெய் வெளிச்சம் விட்டதை அவரும் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"ஐயோ, இங்கயும்! இங்கயும் பட்டிருக்கு!" என்று டோரிஸ் ஒவ்வொரு சிலுவைக்கும் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவள் புலம்பப் புலம்ப இவர்களுக்கு ஆவி அதிகமானது. நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். முழங்காலில் விழுவதா, துணியை எடுத்துத் துடைப்பதா என்று எனக்கே புரியவில்லை. சிரிப்பும் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசியாக விளக்கு ஜெர்சனின் சிலிண்டர்மேல் விழுந்தது. மற்ற இடத்திலெல்லாம் விரல் நுனியால் தொட்ட அடையாளம். இங்கே மட்டும் எண்ணெய் ஊற்றியே இருந்தது. வால்வின் பிடி, கழுத்து எல்லாம் மினுங்கி, வாய்க்குள்ளும் வழிந்து இறங்கியிருந்தது. டோரிஸ் விளக்கை அணைத்துவிட்டுத் திரையைத் திறந்தாள்.

வெளியே ஹாரன் சத்தம். ஜெர்சனின் நண்பர்கள் வந்துவிட்டார்கள். "ஆன்ட்டி, டைம் லேது" என்று, கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த ஜெர்சன் முன்னால் வந்தான். "ஃபில்லிங் ஷாப் க்ளோஸ் ஆயிடும். ஐ வில் டேக் இட்."

"நக்கோ ஜெர்சா. தொடாத" என்று டோரிஸ் குறுக்கே நின்றாள். "இதக் கழட்டி மறுபடி கழுவணும். கழுவாம இதுல ஆக்சிஜன் ஏறக்கூடாது."

"ஒரு ட்ராப் தானே ஆன்ட்டி? எந்துக்கு இவ்ளோ டென்ஷன்? கர்ச்சீஃப்ல தொடச்சுடறேன்."

"தொடச்சா போகாது. கர்ச்சீப்புல இருக்க அழுக்கும் சேர்ந்து உள்ள போகும்."

அப்போதுதான் பாஸ்டருக்கு விஷயம் முழுக்க விளங்கியது. டோரிஸ் கழுவப் போகிறாள். அவர் போட்ட அபிஷேகத்தை, அவர் மகனுடைய சிலிண்டரிலிருந்து, சோப்புப் போட்டு. அவர் முகம் சிவந்தது. "சிஸ்டர், மத்த எல்லாத்தையும் வேணும்னா கழுவிக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எம் மகன் சிலிண்டர்ல கை வைக்கக் கூடாது."

"அதுலதான் ஐயா மொதல்ல கை வைக்கணும்."

"அப்படிக் கழுவினா நான் இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்."

முழங்காலில் இருந்த பெண்கள் எழுந்துகொண்டார்கள். கனகவல்லி அக்கா, "அபிஷேகத்தைக் கழுவுறதா! நல்லா இருக்கே ஞாயம்!" என்றாள். எல்வின் டோரிஸையும் பாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தான். என் தம்பிக்கு ஆபத்து நேரத்தில் மாறி மாறிப் பார்க்க மட்டும்தான் தெரியும். ஹாரன் மறுபடி அடித்தது. டோரிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, கையுறை மாட்டி, சிலிண்டரை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் சிலிண்டர்மேல் விழாதபடி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போது அவள்மேல் வந்த பிரியத்துக்கு, இத்தனை வருஷமாக வாசலில் தூக்குவாளியோடு நின்ற கோபத்தையெல்லாம் சேர்த்தாலும் ஈடாகாது.

"ஏன் ஐயா புரிஞ்சுக்கிட மாட்டேங்கிய?" என்றாள். "இது எரிஞ்சா எனக்கா எரியும்? இவன் மூஞ்சிக்கு நேர எரியும். இவன் கையில எரியும்."

பாஸ்டர் பிரசங்கத்தில் நாங்கள் கேட்டேயிராத ஒரு குரலில் பேசினார். "இவன் ஒவ்வொரு தடவ தண்ணிக்குள்ள போவும்போதும் போன் எடுக்க மாட்டான்ம்மா. எடுக்க முடியாது. நான் கரையிலகூட இல்ல, இங்க கெடக்கேன். எனக்கு நீச்சல் தெரியுமா? இந்தச் சாமான் என்னன்னு தெரியுமா? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்று பாட்டிலை நீட்டிக் காட்டினார்.

டோரிஸ் கையில் ஸ்பானர் இருந்தது. "எனக்கும் இது ஒண்ணுதான் ஐயா தெரியும்" என்றாள்.

ஜெர்சன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெளியே போய் நண்பர்களிடம் என்னவோ சொன்னான். ஹாரன் நின்றது. கேஸ் கடைக்காரருக்குப் போன் போட்டுத் தெலுங்கில் கெஞ்சினான்.

பாஸ்டர் பாட்டிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். "கழுவும்மா" என்றார்.

அதற்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. டோரிஸ் வால்வைக் கழற்றி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, சோப்புத் திரவத்தில் போட்டு ஊறவைத்துத் தேய்த்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டப் போனபோது, கனகவல்லி அக்கா மறித்தாள். அபிஷேகம் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றலாமா என்று கேட்டாள். கூட்டத்தில் பெரிய தர்க்கம் வந்தது. ஒருவர் மண்ணில் ஊற்றலாம் என்றார். ஒருவர் மொட்டைமாடியில் ஊற்றினால் வெயிலோடு மேலே போய்விடும் என்றார். கடைசியில் பாஸ்டரே, "கொய்யா மரத்துக்கு ஊத்துங்க" என்று தீர்ப்புச் சொன்னார். எல்வின் வாளியைத் தூக்கிக்கொண்டு போக, பின்னால் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். லலிதாம்பாள் மாமி மதில்மேல் எட்டிப் பார்த்து, "உங்காத்துல இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று என்னிடம் கேட்டார். நான் கொய்யா மரத்துக்கு ஞானஸ்நானம் என்று சொல்லிவைத்தேன்.

டோரிஸ் அவசரப்படவில்லை. சுடுதண்ணீரில் அலசினாள், எண்ணெய் கலக்காத காற்றை ஊதிக் காயவைத்தாள், பழைய ரப்பர் வளையங்களைத் தூக்கி எறிந்துவிட்டு ஆக்சிஜனுக்கென்று இருக்கிற புது வளையங்களைப் போட்டாள். விளக்கில் பார்த்தாள். ஒன்றும் மினுங்கவில்லை. "வெளக்குல தெரிஞ்சா எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். தெரியலேன்னா இல்லன்னு அர்த்தமில்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து கழுவினாள். யாரும் முணுமுணுக்கவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது, அது எனக்கு மட்டும்தான் கவலை.

வால்வைப் பூட்டி முடித்துவிட்டு ஜெர்சனைப் பார்த்தவள், கண்ணைச் சுருக்கினாள். "ஒன் நெத்தியில என்னது?"

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அப்பா அவன் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசியிருக்கிறார். வாசலில் அத்தனை பேர் கை கழுவியபோது இவன் போனில் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்திருக்கிறான். டோரிஸ் வாளியைக் காட்டினாள். ஜெர்சன் குனிந்து நின்றான். பாஸ்டர் தானாகவே போய் சொம்பில் மோந்து அவன் கையில் ஊற்றினார். சோப்பை எடுத்து, சின்னப் பிள்ளைக்குத் தேய்ப்பது போல, மகனின் நெற்றியில் தான் போட்ட சிலுவையைத் தானே தேய்த்துக் கழுவினார். ஜெர்சன் கண் எரிகிறது என்றான். "மூடிக்கோ" என்றார். பிறகு தன் கையையும் கழுவிக்கொண்டார்.

டோரிஸ் அவருக்கு ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தாள். "இப்ப ஜெபம் பண்ணுங்க ஐயா. எவ்வளவு நேரம்னாலும் பண்ணுங்க."

பாஸ்டர் கையுறை போட்ட கையைச் சிலிண்டர்மேல் வைத்தார். நாங்கள் கண்ணை மூடினோம். "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. அவர் ஜெபத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவரும் திறந்திருந்தார்.

"டோரிஸம்மா" என்றார் மெதுவாக. "இனிமே இதுல வேற என்ன ஆபத்து உண்டு?"

"தொறக்கையிலதான் ஐயா. சடார்னு தொறந்தா ஆக்சிஜன் ஒரே மூச்சா முட்டி நெருக்கும். அந்த நெருக்கத்துலயே சூடு ஏறிரும். சைக்கிள் பம்பு அடிச்சா அடிப்பக்கம் சுடுதுல்லா, அதவிட எத்தனையோ மடங்கு. எண்ணெயே இல்லேன்னாலும் அவசரம் ஆகாது."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"மூஞ்சிய வெலக்கிக்கிட்டு மெதுவா தொறக்கணும். அவ்வளவுதான் ஐயா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பாஸ்டர் மறுபடி கண்ணை மூடவில்லை. சிலிண்டர்மேல் இருந்த கையை எடுக்காமல், மகனைப் பார்த்தார். சோப்பில் சிவந்த கண்ணோடு அவனும் அவரைப் பார்த்தான்.

"மெதுவாத் தொற, மக்கா" என்றார்.

ஜெபம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் சேர்ந்து ஆமென் என்றோம். ஜெர்சன் மட்டும் தலையை ஆட்டிவிட்டு, "சரிப்பா, மெதுவாத் தொறக்கேன்" என்றான்.